விலகலும் வேறாதலும்

தனித்துவத்துக்குத் தனிமைதான் விலை என்பது நம்மிடையே விவாதத்துக்கு அப்பாற்பட்டுவிட்ட ஒரு நம்பிக்கை. இருநூறு முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருக்கிறது. ஆறுதல் தருகிற கருத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சோதிக்க எனக்குக் கிடைத்த உரைகல் இலக்கியத்தில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்த பறவை ஆராய்ச்சியில் இருக்கிறது.

தீவென்றால் கடல் சூழ்ந்திருக்க வேண்டியதில்லை. நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளின் சோலைக்காடுகளும் தீவுகளே. அங்கே தரையோரம் இருட்டில் திரியும் ஒரு சிறு நீலப் பறவையால் இடையிலுள்ள வெப்பமான தாழ்நிலத்தைக் கடக்க முடிவதில்லை. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் முதலியோர் மலை மலையாக ஏறிப் பறவைகளை வலையில் பிடித்து, சிறிது ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டார்கள். 2017-இல் முடிவு வெளியாயிற்று. இவற்றுக்கு ஒரு புதிய பேரினப் பெயரே வேண்டியிருந்தது: ஷோலிகோலா, சோலையில் வாழ்வது. நம்முடைய சொல்தான், லத்தீன் வாலுடன். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம். தெற்கே வெள்ளை வயிற்றோடு இன்னொன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகஸ்தியமலைப் பக்கம், மூன்றாவது. கணவாய் பிரித்தது. லட்சக்கணக்கான ஆண்டுகள் வேறாக்கின.

இதுவரை தனிமைக்கு வெற்றி. ஆனால் இதே ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு பிளவையும் கண்டார்கள். தேயிலையும் சீகையும் தைலமரமும் வைப்பதற்காகச் சோலைகள் வெட்டப்பட்டதால், ஒரே மலையிலேயே தீவுக்குள் தீவுகள் உண்டாகியிருக்கின்றன. 2015-இல் வந்த கட்டுரை, இந்தப் புதிய துண்டாடலின் பாதிப்பு மரபணுக்களிலேயே தெரிவதாகச் சொல்கிறது. 2016-இல் வந்தது பாட்டைப் பற்றியது: பழைய பிளவு பாட்டின் சில கூறுகளை மாற்றியிருக்கிறது, புதிய பிளவு வேறு சிலவற்றை.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. கணவாய்க்கு யாரும் பொறுப்பாளி இல்லை. கோடரிக்கு உண்டு. ஆனால் கேட்கிறவன் காதில் இரண்டிலும் விழுவது ஒரு புதிய பாட்டு. வேறாக இருப்பதே மதிப்பு என்று வைத்துக்கொண்டால், காட்டை வெட்டியவனுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டிவரும். அது சகிக்க முடியாதது. ஆகவே வேறுபாட்டை மட்டும் வைத்து எதையும் மதிப்பிட முடியாது. அது எப்படி வந்தது, அதற்குள் எத்தனை உயிர் மிச்சமிருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

கலாபகஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்னும் சிறு பாறைத்தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் குருவிகளை அளந்துவந்தார்கள். 1981-இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து ஓர் அந்நியக் குருவி வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பெட்டையோடு கூடியது. அதன் சந்ததி தங்களுக்குள்ளேயே இனம்பெருக்கி ஒரு தனி வம்சமாயிற்று. பின்னால் கதவைச் சாத்திக்கொண்டது உண்மை. ஆனால் கதவு திறந்திருந்ததால்தான் அந்த வம்சமே உண்டாயிற்று.

நான் இருப்பது மலையும் கணவாயும் இல்லாத தேசம். கல்லணைக்குக் கிழக்கே கடல்வரை ஒரே மட்டம். வங்கியில் என் மேஜைக்கு வரும் பயிர்க்கடன் மனுக்களில் பேசப்படும் நெல் ரகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதே டெல்டாவில், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்திலிருந்து, 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார். அவற்றைப் பெட்டியில் பூட்டவில்லை. நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப்போகிறவர் மறுவருஷம் 4 கிலோ திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்று மாப்பிள்ளைச் சம்பாவாகவும் காட்டுயானமாகவும் இருப்பது கை மாறியதால். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்வது. பக்கத்து வயலால் அதன் குணம் எளிதில் கெட்டுவிடாது. அதற்கு ஒரு வரப்பு போதும். வரப்பிலும் மடை உண்டு.

பறவைக்கு லட்சக்கணக்கான வருஷம் அவகாசம் இருந்தது. சிறு பத்திரிகைக்கு, நம் அனுபவத்தில், எட்டு இதழ்கூட நிச்சயமில்லை. நம்மைச் சூழ்ந்திருப்பது கணவாயா, வெட்டப்பட்ட காடா, வரப்பா என்று நமக்குள் ஒருமுறையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். வாசகர் குறைந்துகொண்டே போவதை நாம் தனித்துவம் என்று பெயரிட்டு அழைத்துக்கொண்டிருக்கலாம்.