குதிரையைத் திருப்பி அனுப்பிய இடம்

கொழும்பு–கண்டி வீதி மாவனல்லையைக் கடந்து, ஹிங்குலவுக்கு அப்பால் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறுகிறது. விடுமுறை நாட்களில் அந்த வளைவுகளில் வரிசையாக ஏறும் மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை ஊன்றியது சினிமா. 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' முதல், கேரளத்திலிருந்து நாகாலாந்துவரை நண்பர்கள் வண்டியில் போகும் 2013ஆம் ஆண்டு மலையாளப் படமான 'நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி' வரை, வீட்டை விட்டுப் புறப்பட்டவனே விடுதலை பெற்றவன் என்ற எண்ணத்தைத் திரை நம் மனதில் வளர்த்துவருகிறது. தமிழில் இந்த எண்ணம் உடனே இடறுகிறது. குடியிருக்கும் இடத்துக்கும் வீடு என்று பெயர். அறம், பொருள், இன்பத்துக்குப் பின் வரும் நாலாவது பேற்றுக்கும் வீடு என்றே பெயர். பின்னது 'விடு' என்ற வினையிலிருந்து பிறந்தது. ஆனால் எதை விடுவது? ஊரையா, ஊரை விட்டுப் போகும்போதும் கூடவே சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் 'நான்' என்பதையா? குறளின் துறவு அதிகாரத்துக்குப் பின்னதுதான் கவலை. ஊர் விட்டு ஊர் போவதை அது ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. மோட்டார் சைக்கிள் பயணத்தில் ஆன்மிகம் என்று ஏதேனும் இருந்தால், அது வண்டியை விட்டு இறங்கிய பிறகே தொடங்குகிறது என்பேன்.

இந்நாட்டு விகாரைச் சுவர்களில் திரும்பத் திரும்பத் தீட்டப்பட்ட ஒரு புறப்பாட்டைப் பாருங்கள். இருபத்தொன்பது வயதுச் சித்தார்த்தன் நள்ளிரவில் கந்தகன் என்ற குதிரையில் ஏறி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் சன்னனோடு அரண்மனையை நீங்குகிறான். இன்றைய திரைக்கதையாக இருந்தால் அந்தப் பாய்ச்சலிலேயே படம் முடிந்திருக்கும். பௌத்தக் கதையோ அனோமா நதிக்கரையில் வந்து நிற்கிறது. நதியைத் தாண்டியதும் இறங்குகிறான். முடியை வாளால் அரிகிறான். நகைகளைக் கழற்றிக் கொடுக்கிறான். குதிரையையும் திருப்பி அனுப்புகிறான். இளவரசன் துறவியானது அந்த மணற்கரையில், வெறுங்காலோடு. பின்னாளில் புத்தர் சொன்ன தெப்ப உவமையும் இதையே சொல்கிறது: ஆற்றைக் கடந்தவன் தெப்பத்தைத் தலையில் சுமந்து திரியத் தேவையில்லை.

சே குவேராவுக்கு இது தானாக நேர்ந்தது. 1952இல் அவரும் அல்பெர்ட்டோ கிரனாடோவும் ஓட்டிச் சென்ற 500 சிசி நோர்ட்டனுக்கு 'வல்லமை மிக்கவள்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த வல்லமை மிக்கவள் விழுந்தாள், உடைந்தாள், கம்பியால் கட்டப்பட்டாள், சிலியில் ஒரேயடியாக நின்றுபோனாள். அதற்குப் பிறகு, லொறிகளில் தொற்றிக்கொண்டு போன வழியில்தான், சுக்கிக்கமாத்தா செப்புச் சுரங்கத்தை அண்டிய பாலைவனத்தில் வேலை தேடி அலைந்த ஒரு தம்பதியைச் சந்தித்தார்கள். அந்தக் குளிர் இரவில் அவர்களுக்குத் தங்கள் போர்வையொன்றைக் கொடுத்தார்கள். பெருவில் சான் பப்லோ தொழுநோயாளர் குடியிருப்பில் தங்கியதும் அதன் பின்தான். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தம்பதி புழுதியோடு புழுதியாகப் பின்னால் போயிருப்பார்கள். அந்தப் பயணத்தைப் பற்றிச் சே எழுதிய நூலின் பெயரில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. நூலின் உயிர் அது இல்லாத பக்கங்களில் இருக்கிறது.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த ரொபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட, ஸென்னையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் சேர்த்துப் பேசும் நூலிலும் மறக்க முடியாத இடம் ஒன்று வண்டி நிற்கும்போதுதான் வருகிறது. நண்பர் ஜோனின் பி.எம்.டபிள்யூ. வண்டியில் ஹேண்டில் நழுவுகிறது. பியர் டின்னில் ஒரு துண்டு வெட்டி இடையில் செருகினால் இறுகிவிடும் என்கிறார் கதைசொல்லி. ஜோனுக்கு முகம் சுருங்குகிறது: விலையுயர்ந்த வண்டிக்குப் பழைய டின்னா! துருப்பிடிக்காத, மெல்லிய, வளைந்துகொடுக்கும் அலுமினியத் தகடு என்று அதன் குணத்தைப் பார்க்கிறார் ஒருவர். தன் மதிப்பைப் பார்க்கிறார் மற்றவர். 'எனது' என்பது எவ்வளவு சிறிய இடுக்கிலும் புகுந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கராஜில் குந்தியிருந்து ஸ்பார்க் பிளக்கின் கரியைச் சுரண்டும் பையனிடம் இருக்கும் கவனம், கணவாயில் பறக்கும் பலரிடம் இல்லை.

ஓட்டமே ஒரு தியானம்தானே என்று கேட்பார்கள். வளைவில் சாயும்போது நேற்றும் நாளையும் மறந்துபோகும் என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஆபத்து பிடித்திழுத்து நிறுத்திய மனம். வளைவு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மீண்டும் அலையத் தொடங்கும். அடுத்த முறை அதே அமைதி வேண்டுமானால் இன்னும் வேகம் வேண்டியிருக்கும். கூடக் கூடக் கேட்கும் ஒன்றைத் துறவு என்று எந்த மரபும் சொன்னதில்லை.

இன்னொரு மறுப்பு என்னை அதிகம் உறுத்துகிறது. இப்போதுதான் வண்டியில் ஏறியவனிடம் இறங்கச் சொல்வது நியாயமா? கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டங்களில் லீசிங்கில் ஒரு வண்டி எடுக்கும் இளைஞன், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் பிறந்தவன். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழி நடந்தவர்களைக் கொண்ட சமூகம் அவனுடையது. 1948இல் குடியுரிமையை இழந்த சமூகமும் அதுவே. வீதி அவர்களுக்கு விடுதலையாக இருந்ததே இல்லை. விடுவதற்கு முதலில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும், அதற்குக் காணியுறுதி வேண்டும். ஆகவே அவனை இறங்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை, சொல்லவும் மாட்டேன். அவன் வண்டி செய்வது அறமும் பொருளும். நாலில் அவை முன்னால் நிற்பது காரணமில்லாமல் அல்ல. என் கோபமெல்லாம், அவன் ஓட்டத்தில் இருக்கும் அறத்தைக் காட்டாமல், யாரோ ஒருவனின் ஊர்சுற்றலைத் துறவென்று அவனுக்கு விற்கும் திரையின் மேல்தான். விடியுமுன் தோட்டத்து மண்பாதையில் முதல் கியரில் இறங்கும் அந்த வண்டியின் பின்சீட்டில், ஒரு பக்கமாக உட்கார்ந்து, மகனின் தோளை ஒரு கையாலும் கிளினிக் கொப்பியை மறுகையாலும் பிடித்திருக்கும் அம்மாவை எந்தப் பயணப் படமும் இதுவரை பார்க்கவில்லை.