பால் ஜாயிண்டும் அறமும்

நாமக்கல் மெக்கானிக் என் பழைய ஸ்கார்ப்பியோவை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ‘டக் டக்’ என்றது. லோயர் பால் ஜாயிண்டின் ரப்பர் கிழிந்து, கிரீஸில் மண். பக்கவாட்டில் ஆட்டினால் டை ராடு எண்டும் ஆடியது.

“லோக்கல் போட்டா பாதி விலைதான் சார்.”

உடைமைமேல் பற்று வேண்டாம் என்கிறது சமயம். சரி. ஆனால் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வருகிறவர் என் பற்றின்மைக்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்? பழைய பௌத்த உரையாடல் ஒன்று நினைவுக்கு வந்தது: அச்சா தேர், சக்கரமா தேர் என்று மிலிந்த மன்னனைக் கேட்டார் துறவி நாகசேனர். பாகங்களைவிட்டால் தேரில்லை என்றால், அக்கறை காட்ட வேண்டிய இடமும் பாகம்தான்.

கம்பெனி பார்ட்டே வாங்குங்கள். மாற்றியதும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் மலையேறாதீர்கள்.