விருந்தாளிக்குக் காட்டாத கரை

திருநெல்வேலிக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. வெளியூர்க் கூட்டாளிகள் ஜங்ஷனில் வந்து இறங்கியதும் அது தானாக வாயில் வந்துவிடும். காலையில் நெல்லையப்பர் கோயில், இசைத்தூண், தாமிர சபை. வண்டியைத் திருச்செந்தூர் ரோட்டில் விட்டால் கிருஷ்ணாபுரம், கொஞ்சம் தள்ளி ஆதிச்சநல்லூர். திரும்பி வரும்போது சுலோச்சன முதலியார் பாலத்தைக் கைகாட்டிவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருட்டுக்கடை வாசலில் அல்வாவுக்கு வரிசை. குற்றாலமும் பாபநாசமும் வேண்டுமென்றால் இன்னொரு நாள் தங்க வேண்டும்.

பட்டியலில் பழுது ஒன்றும் இல்லை. அதில் எது இல்லை என்பதைத்தான் நான் யோசித்ததில்லை. பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்த நாங்கள் சிலர், போன வருஷம் ஒரு நாள் ஊரில் கூடினோம். அதில் ஒருவன் ஸ்டாக்ஹோமில் குடியேறி வெகுநாள் ஆகிறது. சென்னையிலிருந்து வந்தவன், கல்லூரியில் படிக்கிற மகனையும் கூட்டி வந்திருந்தான். யோசிக்க வைத்தது இவர்கள்தான்.

கோயிலில் எல்லாம் பட்டியல்படியே நடந்தது. சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைக்கிற சங்கிலி மண்டபத்தை வடமலையப்ப பிள்ளையன் 1647-இல் கட்டினார் என்று நான் சொன்னதும், “புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல ஒரு வழி போட இத்தன காலம் ஆயிருக்கு பாருல” என்றான் சென்னைக்காரன். இசைத்தூண்களைத் தட்டக்கூடாது என்பார்கள். தட்டிப் பார்க்காமல் ஒருவரும் நகர்வதில்லை. கிருஷ்ணாபுரத்தில் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் சிலைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றோம். நகத்தையும் கைநரம்பையும் கல்லில் கொண்டுவந்திருக்கிற நாயக்கர் காலத்து வேலை. எனக்கு எப்போதும் கண் போவது தூக்கிப் போகிறவனை விட்டு, கீழே அவனைத் துரத்துகிற வீரர்களிடம்தான்.

ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி, கிடைத்ததையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு அலெக்சாண்டர் ரீ வந்து தோண்டினார். யார் பெற்ற பிள்ளைகளோ, பெயர் தெரியாத அந்தப் பழைய சனங்களுக்கு இன்றைக்குக் கண்ணாடியும் விளக்கும் காவலும் இருக்கின்றன. அது நல்ல விஷயம்தான்.

திரும்புகிற வழியில் ஸ்டாக்ஹோம்காரனிடம் கேட்டோம்: “உங்க ஊருக்கு ஆளு வந்தா மொதல்ல எங்கல கூட்டிட்டுப் போவ?” அவன் யோசிக்கவே இல்லை. “முங்கிப்போன கப்பலுக்கு.”

வாசா என்ற அந்தக் கப்பலின் கதையை வேனிலேயே முழுக்கச் சொன்னான். சுவீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் போருக்காகக் கட்டச் சொன்ன கப்பல் அது. 64 பீரங்கிகள், அவற்றுக்கு இரண்டு தளம். மேலே பாரம் ஏறிப்போனது. கரையில் நிற்கும்போதே சோதித்திருக்கிறார்கள். 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்துக்கே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, கவிழ்ந்துவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பயணம் நிற்கவில்லை. ராஜா அவசரப்படுத்துகிறபோது போய்ச் சொல்வது யார்? 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. ஒரு காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்க மூழ்கியது. ஏறக்குறைய 30 பேர் செத்தார்கள். விசாரணை நடந்தது, குற்றவாளி என்று ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1961-இல் அதை வெளியே தூக்கினார்கள். இன்று அதற்கென்றே கட்டிய அருங்காட்சியகத்தில், ஊருக்கு வருகிறவர்கள் டிக்கெட் எடுத்து, நிமிர்ந்து பார்க்கிறார்கள். தங்கள் முட்டாள்தனத்தைத் தாங்களே தூக்கி நிறுத்திக் காட்டுகிற ஊர்.

வண்டி பாலத்துக்கு வந்தது. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டியது, 1843-இல் திறந்தது, லண்டன் வாட்டர்லூ பாலத்தை மனதில் வைத்துப் போட்ட வளைவுகள், பக்கத்திலேயே இப்போது புதுப்பாலமும் வந்துவிட்டது என்று. பையன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “மாஞ்சோலைக்காரங்க செத்தது இங்கதானா மாமா?”

இங்கேதான். கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, கூலி உயர்வு கேட்டுப் போன ஊர்வலம். போலீஸ் தடியடி நடத்தியது. ஓடியவர்களுக்கு ஆற்றைத் தவிர வேறு வழியில்லை. 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு சிறு குழந்தையும் அதில் உண்டு. விசாரணைக் கமிஷன் வந்தது, போனது. ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில் கட்சிக்காரர்கள் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். நினைவிடம் வேண்டும் என்ற கோரிக்கை ரொம்பப் பழையது.

இறங்கிக் கரைக்குப் போனோம். ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடந்தது, சாக்கடை வாடை அடித்தது, ஒரு பெரியவர் அதற்குள்ளேயே குளித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு கல்கூடக் கண்ணில் படவில்லை. காலையில் கண்ணாடிக்குக் கீழே பார்த்த தாழிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சுவீடனைப் புகழ்ந்து நம் ஊரை இறக்குவது என் வேலை இல்லை. அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்டாக்ஹோம்காரனே விடவில்லை. “333 வருஷம் கடலுக்கடியில கெடந்த அவமானம்லே அது. கேக்க ஆளும் இல்ல, பதில் சொல்ல ஆளும் இல்ல. உப்சாலாவுல 1922-ல மனுசங்களை இனம் பிரிச்சு ஆராய அரசாங்கமே ஒரு நிலையம் தொடங்குச்சு. அங்க எந்த டூரிஸ்ட் பஸ்சும் நின்னு நான் பார்த்ததில்ல” என்றான்.

அவன் சொன்னது சரி. ஆறின அவமானத்துக்கு டிக்கெட் போடலாம். ஆறாததைக் காட்டுவதற்கு வேறு மனது வேண்டும். 1999-இல் பறிகொடுத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அன்றைக்குப் பணியில் இருந்தவர்களும் இருப்பார்கள். அதனால்தான் நாம் பாலத்தை மட்டும் காட்டிவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் போகிறோம். வந்தவர்கள் மனம் கோணக்கூடாது என்ற நல்லெண்ணமும் இதில் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளிதான் முன்வாசலோடு நிற்பவன். கூட்டாளி புறவாசல் வழியாகவும் வருகிறவன். துவைக்காத துணி கிடப்பதைப் பார்த்தால் முகம் சுளிக்க மாட்டான். நாற்பது வருஷப் பழக்கத்தையும் கோயிலும் சிலையும் அல்வாவுமாகவே கழித்துவிட்டால், அவனுக்கும் டூரிஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?

இதைத் தள்ளிப்போட இனி நேரமும் இல்லை. மாஞ்சோலை, சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் தேயிலைக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த காடு. 2028-இல் குத்தகை முடிகிறது. 2024-இல் அந்தக் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டி வந்தது. அவர்களில் பலர் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். நாம் வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு பனி பார்க்க மாஞ்சோலைக்குப் போகிறோம். போட்டோ எடுக்கிறோம். அந்தச் செடிகளில் கொழுந்து கிள்ளியவர்களின் சொந்தபந்தங்கள் எந்த ஆற்றங்கரையில் செத்தார்கள் என்று சொல்ல அங்கே யாரும் மிச்சம் இருக்கப்போவதில்லை.

எனவே ஊர்க்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை கூட்டாளிகள் வந்தால், பாலத்தை வண்டிக்குள் இருந்தபடியே கைகாட்டிவிட்டுப் போகாதீர்கள். கொக்கிரகுளம் பக்கம் இறங்கி, கரைக்குக் கூட்டிப்போய், தேதியையும் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். பத்து நிமிஷம் போதும். மற்றதை அவர்களே கேட்பார்கள்.