எழுதுகோலும் அறமும்

பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்து நிலைத்து நிற்கும். ஆகவே, பிறர் சொல்ல எழுதிக் கொடுப்பவனுக்கு அவ்வெழுத்தினால் விளையும் நன்மை தீமைகளிற் பங்குண்டா என்னும் வினா எழுகின்றது.

வியாச முனிவர் பாரதத்தைச் சொல்ல, விநாயகப் பெருமான் தமது கொம்பை ஒடித்து எழுதினார் என்பது அடியார்கள் அறிந்த வரலாறு. இடையிலே நிறுத்தாமற் சொல்ல வேண்டும் என்று பெருமான் நிபந்தனை விதித்தார். பொருளை உணர்ந்த பின்னரே எழுத வேண்டும் என்று முனிவர் மறு நிபந்தனை விதித்தார். சொன்னதை எழுதுவது மட்டுமே கடமையாயின் இந்த இரண்டாவது நிபந்தனைக்கு இடமே இல்லை. பிறருக்காக எழுதும் கையும் சிந்தித்தே எழுத வேண்டும் என்பது இதன் உட்கருத்தாகும்.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 - 1879) பெரியபுராணத்தை 1852இல் வசனமாக வெளியிட்டார். சிறுவர்களுக்குப் பாலபாடங்கள் எழுதினார். தமிழ் வசனத்திலே தரிப்புக் குறிகளை ஒழுங்காகக் கையாண்டார். பெரும் புலமை படைத்த அவர் எளிய நடையை மேற்கொண்டது, வாசிப்பவரும் பொருளை உணர வேண்டும் என்பதற்காகவேயாம்.

கிராமங்களிலே எழுதத் தெரிந்தவரை அயலவர் நாடி வருவது வழமை. விதவையின் ஓய்வூதிய விண்ணப்பம், காணாமற்போன மகனுக்காகத் தாய் கொடுக்கும் மனு ஆகியவற்றை எழுதிக் கொடுப்பது பெருந்தொண்டு. ஆனால் அதே கை, வேலித் தகராறொன்றிலே பெயரில்லாத பெட்டிசமும் எழுதக்கூடும். “அவர் சொன்னார், நான் எழுதினேன்” என்று பின்னர் கைகழுவ முடியுமா? குற்றஞ்சாட்டப்பட்டவர் விசாரணைக்கு அலைகின்றார். பொய்யென்று தெளிந்த பின்னரும் அக்கடிதம் கோவையிலே கிடக்கும். அவர் இழந்த மானத்தையும் நித்திரையையும் எவரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

இரக்கத்தினால் ஒரு சொல்லைக் கூட்டி எழுதுவதும் தவறே. தாயின் மனுவிலே ஒரு பொய் கலந்தால், அவள் கண்ணீரின் உண்மையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இதற்கு வழி எளிது. எழுதியதை வந்தவருக்கு உரத்து வாசித்துக் காட்டி, “இதிலே கையொப்பமிடுவீர்களா?” என்று கேட்டாற் போதும். பயத்தினால் தயங்குபவருக்குத் துணிவு சொல்லலாம். பொய்யென்பதால் தயங்குபவருக்கு எழுதிக் கொடுக்க மறுப்பதும் ஒரு தொண்டே.

விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து, இறைவன் சந்நிதியிலே அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றோம். அவ்விரல் பின்னாளில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அதே சந்நிதியில் எழுதப்படுவதாகவே எண்ணி வாழ, எல்லாம்வல்ல விநாயகப் பெருமான் அருள் புரிவாராக.