மூடிக்குக் கீழே

1966 மார்ச் மாதம் ஜெனீவா நகரில் நடைபெற்ற கார்க் கண்காட்சியில், இத்தாலியின் லம்போர்கினி நிறுவனம் மியூரா என்னும் புதிய ஸ்போர்ட்ஸ் காரை மக்கள் பார்வைக்கு வைத்தது. நான்கு மாதங்களுக்கு முன், 1965 நவம்பரில் டூரின் நகரில், அதே காரின் சட்டகம் மட்டும் மேற்கூடு இன்றிக் காட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னே குறுக்காகக் கிடந்த புதுமையைக் கண்டு வல்லுநர்கள் வியந்தனர். ஜெனீவாவிலோ மேற்கூடு இருந்தது. பெர்ட்டோனே நிறுவனத்தில் மார்ச்செல்லோ கந்தீனி வடித்த அந்த உருவத்தின் அழகைக் கண்டு கூட்டம் மயங்கி நின்றது. ஆனால் எஞ்சினை மூடியிருந்த பின்மூடி மட்டும் கண்காட்சி முடியும்வரை திறக்கப்படவில்லை. எஞ்சினைப் பார்க்க விரும்பிய செய்தியாளர்கள் ஏதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டனர். காரணம், உள்ளே எஞ்சினே இல்லை என்பதுதான் என்று கார் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. புதிய மேற்கூட்டுக்குள் எஞ்சின் பொருந்துகிறதா என்று சரிபார்க்கக் காலம் போதாமையால், அதன் எடைக்கு ஈடாகச் சுமையை வைத்து மூடிவிட்டார்களாம்.

அது பொய்யா?

வாயால் யாரும் பொய் சொல்லவில்லை. எஞ்சின் உள்ளே இருக்கிறது என்று பலகை எழுதி வைக்கவுமில்லை. எஞ்சின் என்ற ஒன்று உண்மையிலேயே இருந்தது, பின்னர் அது பொருத்தப்பட்டது, ஓடவும் செய்தது. பணம் கொடுத்தவர்களுக்குச் சொன்ன பொருள் கிடைத்தது. அப்படியானால் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்று கேட்கத் தோன்றும். அறநெறி நூல்களில் மறைத்தல் வேறு, பொய்யுரைத்தல் வேறு என்ற வேறுபாடு பழமையானது. தூய அகுஸ்தினார் எத்தகைய பொய்க்கும் இடமில்லை என்றார். தத்துவஞானி கான்ட் 1797-இல் எழுதிய சிறு கட்டுரையில், கொலைகாரனிடங்கூடப் பொய் சொல்லும் உரிமை நமக்கில்லை என்று வாதிட்டார். ஆயினும் உண்மை அனைத்தையும் எல்லாரிடமும் திறந்து வைக்கவேண்டும் என்று இவ்விருவரும் சொல்லவில்லை. மௌனத்திற்கும் மூடிக்கும் உலகில் இடமுண்டு.

என் சிந்தனை வேறோரிடத்தில் தடுக்குகிறது. மூடியைப் பூட்டியது மறைத்தல், அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சுமை எதற்கு? எஞ்சின் இருந்தால் கார் எவ்வளவு தாழ்ந்து நிற்குமோ அவ்வளவு தாழ்ந்து நிற்பதற்காக அன்றோ! மூடி எதையும் சொல்லவில்லை. சுமையோ, ‘நான் எஞ்சின்’ என்று சொன்னது. அந்த இரும்பு வாய்திறவாமலே பொய் பேசியது என்று நான் கருதுகிறேன்.

இவ்வகைக் காரில் மூடி ஏன் இத்தனை முக்கியமாகிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். சாதாரணக் காரில் எஞ்சின் முன்புறம் இருக்கும். மூடியைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வேகத்திற்கென்று அமைக்கப்படும் சில கார்களில் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே, பின்சக்கரங்களின் அச்சுக்கு முன்னே வைக்கிறார்கள். எடை முழுவதும் வண்டியின் நடுவில் திரள்வதால் வளைவுகளில் வண்டி விரைந்து திரும்புகிறது. 1930-களிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் கார்கள் அப்படித்தான் இருந்தன. 1959-இல் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் உலகப் பட்டம் வென்றபின், பந்தயக் களத்தில் முன்புற எஞ்சின் சில ஆண்டுகளுக்குள் மறைந்தே போயிற்று. ஆனால் சாலையில் ஓடும் காரில் இதற்கு ஒரு விலை உண்டு. கொதிக்கும் எஞ்சினுக்கும் மனித முதுகுக்கும் இடையே ஒரு சாணளவு வெளிதான். வெப்பம், இரைச்சல், புகை ஆகிய மூன்றையும் தடுக்க மூடி வேண்டும், மூடிக்கு மேல் கம்பளம் வேண்டும். எனவே எஞ்சின் கண்ணுக்கு மறைகிறது. இந்த மூடி நேர்மையான மூடி. உள்ளிருப்பவரைக் காப்பதற்காக இருப்பது.

நேர்மையான மூடிக்குக் கீழும் பொய் குடியேறலாம் என்பதை நான் கண்டது 2012-ஆம் ஆண்டு வசந்தத்தில். அப்போது தென்ஜெர்மனியில் ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பங்கு இல்லத்திற்கு அடுத்த வீட்டில் ஒரு முதியவர் வாழ்ந்தார். தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் வேலையில் நாற்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். 1998-இல் தயாரான போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று அவரிடம் இருந்தது. புதிதாக வாங்கியது. பதினான்கு ஆண்டுகளில் அதன் எஞ்சினை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய தேவை எழவில்லை. பின்புறப் பெட்டியில் எண்ணெய் ஊற்ற ஒரு வாய், குளிர்நீர் ஊற்ற ஒரு வாய், எண்ணெய் அளக்கும் கோல், இவ்வளவே அவருக்குத் தெரிந்த எஞ்சின். மற்றவற்றைப் பணிமனை பார்த்துக்கொண்டது. ஆண்டுதோறும் தவறாமல் வண்டியைக் கொடுத்து, பில்லை வாங்கி, கோப்பில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

அவ்வாண்டு காலையில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் கீச்சென்று ஓர் ஒலி எழுந்தது. அவருடைய மகள் அடுத்த வாரம் அதே காரில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி செல்லவிருந்தார். “நீங்கள் ஓய்வாக இருந்தால் சற்று வந்து டார்ச் பிடியுங்கள், திறந்து பார்த்துவிடுவோம்” என்று ஒரு மாலையில் அழைத்தார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. டார்ச் பிடிக்கத் தெரியும்.

துணிக்கூரையைப் பாதி மடியும் நிலையில் நிறுத்தினோம். அதன் பின்விளிம்பை விடுவித்து உயர்த்தி, ஒரு மரக்கம்பை முட்டுக் கொடுத்தார். கீழே கம்பளம். அதை அகற்றியதும் எஞ்சின் மூடி தெரிந்தது. பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி மூடியை இருவருமாகத் தூக்கி வைத்தோம். பதினான்கு ஆண்டுத் தூசியும் உதிர்ந்த சருகும் படிந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் அங்கே கிடந்தது. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். சொந்த வீட்டின் பூட்டிய அறையை முதன்முறையாகத் திறந்தவர்போல் இருந்தது அவர் முகம்.

ஆனால் ஒலி மேலிருந்து வரவில்லை. எஞ்சினின் முன்முகம் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் மற்றொரு தகட்டுக்குள் இருக்கிறது. இருக்கைகளை முன்னே தள்ளி, அங்குள்ள கம்பளத்தை உரித்து, தகட்டின் போல்ட்டுகளுக்கு முன் மண்டியிட்டார். ஸ்பேனரை வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். “ஒளியை இங்கே காட்டுங்கள்” என்றார். வாழ்நாள் முழுவதும் உலோகத்தோடு பழகிய கண்ணுக்குப் புலப்பட்டது எனக்குப் புலப்படவில்லை, அவர்தான் விளக்கினார். போல்ட் தலைகளின் விளிம்புகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தன. எந்த ஸ்பேனரும் அவற்றைத் தொட்டதேயில்லை.

தகட்டைக் கழற்றினோம். எஞ்சினின் முகத்தில் ஒரே ஒரு நீண்ட ரப்பர் பெல்ட் வளைந்து வளைந்து ஓடுகிறது. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஸ்டியரிங்கை இலேசாக்கும் பம்ப், குளிர்சாதனம் அனைத்தையும் சுழற்றுவது அந்த ஒன்றுதான். அது அறுந்தால் குளிர்நீர் நின்றுபோகும், ஸ்டியரிங் கனத்துவிடும். மலைப்பாதையில் அதன் பொருள் என்னவென்று சொல்லவேண்டியதில்லை. அந்த பெல்ட்டின் வரிகளுக்குக் குறுக்கே நெடுகிலும் வெடிப்புகள். அவர் வீட்டுக்குள் சென்று கோப்பை எடுத்து வந்தார். 2010-ஆம் ஆண்டுப் பில்லில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது: பெல்ட் மாற்றப்பட்டது. பெல்ட்டுக்கு ஒரு தொகை, கூலிக்கு ஒரு தொகை.

இங்கே சுமை வைத்து மூடியவர் யார் என்பதில் ஐயமில்லை. செய்யாத வேலையின் இடத்தில் ஓர் அச்சிட்ட வரி வைக்கப்பட்டது. ஜெனீவாவில் வைத்த சுமையைப்போல அதுவும் ‘நான் இருக்கிறேன்’ என்றது. அந்தத் தொழிலாளியை நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. பெல்ட்டை மாற்றும் வேலை சிறியது. அதை அடையும் வேலைதான் பெரியது. கம்பளம், போல்ட், தகடு, மீண்டும் தகடு, போல்ட், கம்பளம். மாலை நேரம், அடுத்த வண்டி காத்திருக்கிறது, உரிமையாளர் ஒருநாளும் திறந்து பார்க்கப்போவதில்லை. யாரும் காணாத இடத்தில் செய்யவேண்டிய வேலையை மனச்சான்று ஒன்றை மட்டும் துணையாகக் கொண்டு செய்யவேண்டியிருக்கிறது. இதைச் சொல்வது அவரை விடுவிப்பதற்காக அல்ல. கதவு திறந்திருந்தது என்பதால் திருட்டு சிறிதாகிவிடாது.

முதியவருக்கோ பணிமனைமீது எழுந்த சினத்தைவிடத் தம்மீது எழுந்த வெட்கம் பெரிதாக இருந்தது. “நான் அவர்களை நம்பினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்” என்றார். “நிலவறை நிறையக் கருவிகள் இருக்கின்றன. அரைநாள் வேலை. நம்பினேனா, சோம்பியிருந்தேனா?”

எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று அது. அறுவை மருத்துவரின் கத்தியை நாம் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை. பாலம் கட்டிய பொறியாளரின் கணக்கைச் சரிபார்த்துவிட்டு ஆற்றைக் கடப்பதில்லை. எல்லா மூடிகளையும் திறந்து பார்த்துத்தான் வாழ்வது என்றால் ஒருநாள்கூட வாழமுடியாது. ஆகவே பாராமல் நம்புவது குறையன்று. ஆனால் பார்க்க இயலாதவன் நம்புவதும், பார்க்க இயன்றவன் பாராதிருப்பதும் ஒன்றாகுமா? முன்னவன் தன்னை மற்றொருவரிடம் ஒப்படைக்கிறான். பின்னவன் பெரும்பாலும் தன் மாலைப்பொழுதைக் காத்துக்கொள்கிறான். அதற்கு நம்பிக்கை என்ற நல்ல பெயரையும் சூட்டிக்கொள்கிறான். அன்று அவரிடம் இதை இவ்வளவு கடுமையாக நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் எண்ணுவதுண்டு.

பாராதிருப்பதை எளிதாக்குவதில் தொழில்நுட்பமும் வல்லது. பிற்காலப் பாக்ஸ்டர் கார்களில் எண்ணெய் அளக்கும் கோலும் இல்லை. முன்பலகையில் தோன்றும் குறியீட்டை நம்பவேண்டியதுதான். மறுபுறம், ஃபெராரி நிறுவனம் 1999-இல் வெளியிட்ட 360 மொடெனா காரில் எஞ்சினுக்கு மேல் கண்ணாடி பதித்தது. சிவப்புப் பூச்சுப் பூசிய பாகங்கள் கடை அலமாரியில் நகைபோல் மின்னும். அதைப் பார்ப்பவர் எஞ்சினைப் பார்த்துவிட்டதாகவே எண்ணுவார்; தேயும் பாகங்களோ வேறெங்கோ இருக்கும். கண்ணாடியும் ஒரு மூடிதான், சற்று நயமான மூடி. இதற்கிடையே, அதே 2012 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், கார்களைப் பழுதுபார்க்கத் தேவையான தகவல்களை உரிமையாளர்களுக்கும் தனிப் பணிமனைகளுக்கும் நிறுவனங்கள் வழங்கவேண்டும் என்ற சட்டத்திற்குப் பெருவாரியாக வாக்களித்தனர். திறக்கும் உரிமையைச் சட்டம் தரலாம். திறக்கும் விருப்பத்தை எந்த வாக்கெடுப்பும் தராது.

முதியவர் புதிய பெல்ட் வாங்கித் தாமே பொருத்தினார். பழைய பெல்ட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு பணிமனைக்குச் சென்றார். அதன் உரிமையாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்த வேலையைச் செய்தவர் இப்போது இங்கில்லை என்று மட்டும் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்தாராம். மகள் இத்தாலிக்குச் சென்று நலமே திரும்பினார்.

தகட்டை மூடிய அன்று முதியவர் ஒரு சிறு தூரிகையால் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகட்டின்மீது ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். போல்ட் திருகப்பட்டால் கோடு முறியும். கருவித் தொழிலில் அது வழக்கந்தான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இரகசியமாக அடையாளம் வைத்துக் காத்திருப்பது கண்ணி வைப்பதாகாதா என்று கேட்டேன். தூரிகையைத் துடைத்தபடி நெடுநேரம் யோசித்தார், மறுமொழி சொல்லவில்லை.

மறு ஆண்டு வண்டியைப் பணிமனையில் விடச் சென்றபோது என்னையும் அழைத்துச் சென்றார். அதே பணிமனைதான். செய்யவேண்டிய வேலைகளை உரிமையாளர் தாளில் குறித்து முடித்ததும், முதியவர் பேனாவை வாங்கி, ‘தகட்டின் போல்ட்டுகளில் வெள்ளைக் கோடு இடப்பட்டுள்ளது’ என்று அடியில் எழுதினார். பணிமனை உரிமையாளர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த வரிக்குக் கீழே தம் கையொப்பத்தை இட்டார்.