முகமில்லாத பகைவன்

ஒரு மனிதன் என்ன வேலை செய்கிறான் என்பதைக் கொண்டு அவனை எடை போடுவது உலக வழக்கம். அவன் எதை விளையாடுகிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வேலைக்கு வயிறு காரணமாக இருக்கலாம். ஊரார் வாய்க்குப் பயந்தும் செய்யலாம். விளையாட்டுக்கு அப்படி நிர்ப்பந்தம் ஒன்றும் இல்லை. அங்கே மனம் தனக்குப் பிடித்ததைத் தானே தேடிக்கொண்டு போகிறது. ஆகவே, 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஒரு சின்ன யந்திர விளையாட்டைப் பற்றி இங்கே நான் எழுதப் புகுந்ததற்காக வாசகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

1978-ஆம் ஆண்டில் ஜப்பானில் பிறந்த விளையாட்டு இது. டைட்டோ என்ற கம்பெனியில் இருந்த டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் இதைப் படைத்தார். அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கறுத்த திரையில், வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில், 55 விண்ணுலக ஜந்துக்கள் நிற்கின்றன. அவை பக்கவாட்டில் அணிவகுத்து நடக்கும். திரையின் ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கித் திரும்பி நடக்கும். நடக்கும்போதே குண்டும் போடும். கீழே நம்முடைய பீரங்கி ஒன்று. அதற்கு இடமும் வலமும் நகரத் தெரியும், மேலே பார்த்துச் சுடத் தெரியும், வேறொன்றும் தெரியாது. ஒளிந்துகொள்ள 4 காப்பரண்கள் உண்டு. கீழ் வரிசைகள் இரண்டிலும் தலைக்கு 10 புள்ளி, நடு வரிசைகள் இரண்டிலும் 20, மேல் வரிசையில் 30. 55-ஐயும் வீழ்த்திவிட்டால் இன்னொரு 55 வந்து நிற்கும், முன்னைவிடச் சற்றுத் தாழ்வாக. ஒரே ஒரு ஜந்து தரைக்கு வந்துவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. நம் கையில் எத்தனை உயிர் மிச்சம் இருந்தாலும் பயனில்லை.

இவ்வளவுதான். கதை இல்லை, கட்டம் இல்லை. ஆனால் ஜப்பானில் இந்த ஒரு யந்திரத்தை மட்டுமே வரிசையாகப் போட்டுக் கடை திறந்தார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் இதை வாங்கிக்கொண்டன. நானும் ஆடிப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

இதில் என்ன அப்படி ஒரு கவர்ச்சி? யோசித்துப் பார்த்தால், அதன் எளிமைதான் கவர்ச்சி என்று தோன்றுகிறது. வாழ்க்கையில் நமக்கு வருகிற சண்டைகள் எல்லாம் குழம்பிய சண்டைகள். எதிரே நிற்பவன் பங்காளியாக இருப்பான். அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும். ஜெயித்தாலும் இரவில் தூக்கம் வராது. இந்த விளையாட்டிலோ அந்தத் தொல்லை இல்லை. வருகிறவன் அழிக்கத்தான் வருகிறான். நான் காக்கத்தான் சுடுகிறேன். யோசிக்க ஒன்றுமில்லை, வருந்தவும் ஒன்றுமில்லை. மனச்சாட்சிக்கு ஒரு மணி நேரம் விடுமுறை! உழைத்துக் களைத்த மனிதனுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்!

இதனால் கெடுதல் உண்டு என்று அன்றைக்கே பலர் கவலைப்பட்டார்கள். 1981-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஜார்ஜ் ஃபௌக்ஸ் என்ற அங்கத்தினர், இத்தகைய யந்திரங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஒரு மசோதாவே கொண்டுவந்தார். 94 பேர் ஆதரித்தார்கள், 114 பேர் எதிர்த்தார்கள், மசோதா தோற்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறார்கள், காசு திருடுகிறார்கள், விளையாட்டுக்கு அடிமையாகிவிடுகிறார்கள் என்பதே அவருடைய கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால் சீட்டாட்டத்தைப் பற்றியும் பட்டம் விடுவதைப் பற்றியும் பெற்றோர் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். என்னை உறுத்துகிற கேள்வி வேறு. மனச்சாட்சிக்கு விடுமுறை கொடுத்துச் சுடுகிற சுகம் இருக்கிறதே, அது நல்ல சுகமா?

கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கும் ஓர் இளைஞரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "என்ன சார், அதெல்லாம் வெறும் வெளிச்சப் புள்ளி! அதைச் சுடுவதில் பாவமும் புண்ணியமும் எங்கே வந்தது?" என்றார்.

"வெளிச்சப் புள்ளிக்கு ஒன்றும் ஆகாது தம்பி. சுடுகிறவனுக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி" என்றேன்.

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் தோன்றியது அல்ல. படைத்தவருக்கே தோன்றியிருக்கிறது. நிஷிகாடோ முதலில் டாங்கிகளையும் விமானங்களையும் போட்டுப் பார்த்தார். அவற்றின் அசைவு அவருக்குத் திருப்தி தரவில்லை. மனித உருவம்தான் திரையில் நன்றாக நடந்தது. ஆனால், மனிதனைக் குறிவைத்துச் சுடுவது தகாது என்று அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிட்டார். அதன் பிறகே விண்ணுலக ஜந்துக்கள் வந்தன. நண்டு, கணவாய் போன்ற கடல் ஜந்துக்களின் சாயலில் அவற்றை வரைந்தார். வெளிச்சப் புள்ளியாக இருந்தாலும் அது மனிதனாக இருக்கக் கூடாது என்று தயங்கிய அந்த உள்ளத்தை நான் வணங்குகிறேன்.

ஆனாலும் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1976-இல், அமெரிக்காவில் 'டெத் ரேஸ்' என்று ஒரு விளையாட்டு வந்தது. திரையில் ஓடுகிற குச்சி உருவங்களைக் காரை ஏற்றிக் கொல்ல வேண்டும். மனிதர்களைக் கொல்வதா என்று ஜனங்கள் கொதித்தார்கள். "அவை மனிதர்கள் அல்ல, குட்டிச்சாத்தான்கள்" என்று கம்பெனியார் பதில் சொன்னார்கள். ஜனங்கள் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. பெயரை மாற்றிவிட்டால் மனிதன் குட்டிச்சாத்தான் ஆகிவிடுவானா என்ன?

நிஷிகாடோ பெயரை மட்டும் மாற்றவில்லை, உருவத்தையே மாற்றினார். அதனால் அவர்மேல் குற்றம் இல்லை. இருந்தாலும் அந்த மாற்றம் ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. முகம் இருக்கும் வரையில்தான் நம் கை தயங்குகிறது. முகத்தை எடுத்துவிட்டால் கொலை விளையாட்டாகிவிடுகிறது. பழைய காவிய கர்த்தாக்கள் இதை அறிந்திருந்தார்கள் போலும். அவர்கள் பகைவனின் முகத்தைப் பறிக்கவில்லை. கம்பனுடைய ராவணனுக்கு வீணை தெரியும். அவனுக்காக அழ ஒரு மண்டோதரி இருக்கிறாள். ஆயுதமிழந்து நிற்கிற அவனைக் கொல்லாமல் திருப்பி அனுப்புகிற ராமனும் இருக்கிறான். ராவணன் மடியும்போது நமக்கு நிம்மதி வருகிறது. அதோடு ஒரு பெருமூச்சும் வருகிறது. ஐந்து வரிசையாக நிற்கிற ஜந்துக்களில் எது மடிந்தாலும் பெருமூச்சு வருவதில்லை. பத்துப் புள்ளி வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஜந்துக்களை வரைய நிஷிகாடோவுக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்று ஹெச். ஜி. வெல்ஸின் நாவல். 1898-இல் புத்தகமாக வந்தது. செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின்மேல் படையெடுத்து வருகிற கதை. வெல்ஸ் அதைப் பயமுறுத்துவதற்காக மட்டும் எழுதவில்லை. செவ்வாய்க்காரரைத் திட்டும் முன்னால், டாஸ்மேனியத் தீவின் பழங்குடி மக்களுக்கு ஐரோப்பியர் செய்த கொடுமையை எண்ணிப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே தம் நாட்டாரிடம் சொல்லிவிடுகிறார். அந்த மக்கள் அடியோடு அழிந்தார்கள் என்று அவர் கருதினார். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். படையெடுத்து வருகிற ஜந்துவின் முகத்தில் வாசகன் தன் முகத்தையே காண வேண்டும் என்பது வெல்ஸின் நோக்கம். விளையாட்டு அந்த ஜந்துவை எடுத்துக்கொண்டது, கண்ணாடியை விட்டுவிட்டது.

'விளையாட்டுக்கு இவ்வளவு பாரத்தை ஏற்ற வேண்டுமா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதை ஆடியவர்கள் எல்லாம் கொலைகாரர்களாகிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கோடானுகோடிப் பேர் ஆடினார்கள், எழுந்து போய்ச் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். ஆனால் இந்த விளையாட்டு தருகிற அதே சுகத்தைத் திரைக்கு வெளியே தருகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். 1994-இல் ருவாண்டா நாட்டில் டூட்ஸி மக்களைக் கொன்று குவிப்பதற்கு வானொலியும் துணை நின்றது. அவர்களைக் கரப்பான்பூச்சிகள் என்று அது திரும்பத் திரும்பச் சொல்லிற்று. பக்கத்து வீட்டுக்காரனின் முகத்தை முதலில் எடுத்தார்கள். பிறகு கத்தியை எடுத்தார்கள். நிஷிகாடோ குறியிலிருந்து மனிதனை அகற்றி அங்கே ஒரு ஜந்துவை நிறுத்தினார். அந்த வானொலிக்காரர்கள் மனிதனுக்கு ஜந்துவின் வேஷத்தைப் போட்டுக் குறியில் நிறுத்தினார்கள். ஒரே பாதைதான். இவர் போன திசை வேறு, அவர்கள் போன திசை வேறு.

ஆகையால் விளையாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதை ஆடும்போது கிடைக்கிற சுகத்தை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன். சந்தேகமே இல்லாத கோபம், வருத்தமே இல்லாத வெற்றி, ஒரே அச்சில் வார்த்த பகைவர்கள் - இந்த மூன்றும் திரைக்கு வெளியே ஒரு மேடையிலோ பத்திரிகையிலோ நமக்குக் கிடைத்தால், யாரோ யாருடைய முகத்தையோ எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த விளையாட்டில் உள்ள இரண்டு நுட்பங்களையும் சொல்லிவிட வேண்டும். இவற்றில் அதன் குறைக்கு அதனிடமே பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, நம் காப்பரணை எதிரியின் குண்டு மட்டும் அரிப்பதில்லை. அதன் கீழே பதுங்கி நாம் மேலே சுடுகிற குண்டும் அதை அரிக்கிறது. பயத்தில் கண்டபடி சுடுகிறவன் தன் கூரையைத் தானே ஓட்டையாக்கிக்கொள்கிறான்.

இரண்டாவது, தற்செயலாக வந்தது. அந்தக் காலத்து யந்திரத்துக்கு 55 உருவங்களையும் ஒருசேர நடத்தும் சக்தி குறைவு. ஆகவே கூட்டமாக இருக்கும்போது அவை மெதுவாக நகர்ந்தன. ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, யந்திரத்தின் சுமை குறைந்து, மிஞ்சியவை வேகம் பிடித்தன. நிஷிகாடோ இதைத் திருத்தாமல், நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவைத்தார். கூடவே ஒலிக்கிற நான்கு ஸ்வரங்களும் இதயத் துடிப்பைப் போல விரைவு கொள்கின்றன. கடைசியில் ஒரே ஒரு ஜந்து மிஞ்சும்போது அதுதான் எல்லாவற்றிலும் வேகமாகப் பாய்கிறது. அதையும் வீழ்த்தினால் நிம்மதி வருகிறதா? மறுபடி 55 வருகின்றன. இந்த விளையாட்டில் யாரும் வென்று எழுந்ததில்லை. எத்தனை புள்ளி எடுத்தாலும் ஆட்டம் ஆடுகிறவனின் தோல்வியில்தான் முடிகிறது.

அழித்தால் பகை குறையும் என்று நம்பித்தான் சுடத் தொடங்குகிறோம். எண்ணிக்கைதான் குறைகிறது, பகை வேகம் கொள்கிறது. இந்தப் பாடத்தைப் புகட்ட அந்த ஜப்பானியர் நினைக்கவில்லை. சக்தி போதாத ஒரு யந்திரம் அவரை அறியாமலே புகட்டிவிட்டது. திரைக்குள் நாம் செய்யக்கூடியது இடம், வலம், சுடு - இவ்வளவுதான். வெளியே அப்படி இல்லை. எதிரே வருகிறவனை நிறுத்தி, 'நீ யார், எதற்காக வருகிறாய்?' என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது.