கடிவாளம் யாருக்கு?

குதிரையேற்றத்தில் உயர்நிலைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்பவர் முதலில் யாரை அடக்கப் பழக வேண்டும்? குதிரையைத்தான் என்பீர்கள்.

ஒஸ்திரியாவின் வியன்னா நகரிலே, 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி உண்டு. அங்கு சேரும் மாணவருக்குத் தொடக்கத்தில் கடிவாள வாரும் இல்லை. கால் வைக்க அங்கவடியும் இல்லை. ஆசான் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டுவார். மாணவர் நிமிர்ந்து அமர மட்டும் பழகுவார். அவரைச் சுமப்பது பயிற்சியிற் தேர்ந்த முதிய குதிரை. உண்மையில் அதுவே அவருக்கு ஆசிரியர். ஆண்டுகள் பல சென்றபின், இளங்குதிரை ஒன்றை அவரே உயர்கலைவரை பயிற்றிக் காட்டினாற்றான் முழுமையான பதவி கிடைக்கும். அவர் திறமைக்கு அந்தக் குதிரையே சாட்சி.

2021இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது வேறு. ஐந்து விளையாட்டுக்கள் சேர்ந்த போட்டியொன்றில், குலுக்கலில் கிடைத்த அறிமுகமற்ற குதிரையோடு பழக 20 நிமிடமே கொடுத்தார்கள். முன்னணியில் நின்ற ஜேர்மனிய வீராங்கனையின் குதிரை மிரண்டு, தடை தாண்ட மறுத்தது. அவர் அழுதழுது சவுக்கால் அடித்தார். பயிற்றுநரோ குதிரையைக் கையால் குத்தியதற்காக விலக்கப்பட்டார். 2024 பாரிஸ் போட்டியோடு குதிரையேற்றமே அதிலிருந்து எடுக்கப்பட்டது.

அப்பெண்மீது கல்லெறிய எனக்கு மனமில்லை. பல்லாண்டு உழைப்பு கண்முன்னே கரையும்போது எவர்தான் நிதானம் இழக்கமாட்டார்? மிருகங்களை ஆளும் பொறுப்பை மனிதனுக்கு இறைவன் தந்தார் என ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். ஆயினும், அன்பரே, பதக்கம் என்றால் என்னவென்றே அறியாத அந்தக் குதிரை எந்தக் குற்றத்துக்காக அடிபட்டது?